பின்கண்ணாடி வெயில்

வெயில் இப்போது சரியாக மிளகாய்மேல் விழுகிறது. திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, என் பிடரியில் ஏறுகிற சூட்டை வைத்துச் சொல்லிவிடுவேன். நாங்கள் கிழக்கே போகிறோம், சூரியன் மேற்கே இறங்கத் தொடங்கியிருக்கிறது, பின்கண்ணாடிக்குக் கீழே அலுமினியத் தட்டில் பரத்திவைத்த மோர்மிளகாயெல்லாம் இந்நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு சுகமாய்ப் படுத்திருக்கும். ஒரு வாரமாய் எனக்கு இதுதான் திசை. கார் ஓட்டுகிற என் மகள் தமயந்திக்குப் போனில் ஒரு பெண் வழி சொல்கிறாள், நல்ல குரல்தான், ஆனால் மூச்சு விடாத குரல். வாழ்நாளில் பாதியைத் திருச்சித் தொலைபேசி நிலையத்தில் காதில் ஹெட்போனோடு கழித்தவளுக்கு மூச்சு விடாத குரலை நம்ப வருவதில்லை. மனிதர் பேசும்போது வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு வரும், அந்த மூச்சிலேயே சாவா கல்யாணமா என்று தெரிந்துவிடும், டிரங்க் காலை இணைத்துக் கொடுத்துவிட்டு நான் விலகுவதற்குள் எத்தனை ஊர்க்காரர்களின் மூச்சைக் கேட்டிருக்கிறேன். என் மகள் காலையிலிருந்து அப்படி ஒரு மூச்சை இழுத்து இழுத்து, பேசாமல் விட்டுவிடுகிறாள். என்னிடம் ஏதோ கேட்கப்போகிறாள். நானும் அவளிடம் ஒன்று சொல்லப்போகிறேன். இரண்டு பேரும் ஒரே வளைவில் எதிரெதிராய் வரும் பஸ் மாதிரி ஹாரன் அடிக்காமல் வந்துகொண்டிருக்கிறோம். "அம்மா, இந்த நாத்தம் சீட்டுலயெல்லாம் ஏறிடுச்சு. வண்டியைத் திருப்பிக் குடுக்கும்போது வாடகைக்காரன் என்னைத்தான் கேப்பான்." நாத்தமா இது? தயிரும் உப்பும் பச்சையும் வெயிலும் சேர்ந்த வாசனை. "மோர்மிளகாய்னு சொல்லு. அவனுக்கும் நாலு பொரிச்சுக் குடு." "குடுத்தா போலீஸைக் கூப்பிடுவான்." சிரிக்கிறாள். சிரிக்கும்போது மட்டும் அவளுக்கு அவள் அப்பாவின் தாடை வந்துவிடுகிறது, உடனே போய்விடுகிறது, ஜன்னலில் ஓடுகிற கம்பம் மாதிரி.

நான் என்ன செய்வேன், இந்த வெயிலைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. மகள் இருக்கிற சியாட்டிலில் மழை, மழை நின்றால் மேகம், மேகம் நின்றால் இருட்டு, இரண்டு மாதம் அங்கே இருந்துவிட்டு லாஸ் வேகாஸ் விமான நிலையத்துக்கு வெளியே காலை வைத்தேன், அடேயப்பா, முகத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி ஒரு வெயில். எங்கள் ஊர் வெயிலில் எப்போதும் கொஞ்சம் வேர்வை கலந்திருக்கும், அது மனிதர்களின் வெயில். இது துவைத்துப் பிழிந்த வெயில், ஈ இல்லை, காக்காய் இல்லை, விரட்டக் கையில் குச்சி வேண்டாம், அடிவானம் வரைக்கும் ஒரு வடாமும் காயாமல் வீணாய்க் கொட்டிக்கிடக்கிறது. அன்று சாயங்காலமே மெக்சிகோக்காரர் கடை ஒன்றில் குட்டையும் குண்டுமாய் மிளகாய் கிடைத்தது. நுனியைக் கீறி, உப்புப் போட்ட தயிரில் ஊறப்போட்டு, மறுநாள் காலை கார் பின்பக்கத்தில் பரத்திவிட்டேன். பகலெல்லாம் காய வேண்டும், ராத்திரி மறுபடி அதே தயிரில் போய் ஊற வேண்டும், தயிர் தட்டில் மிஞ்சாத அளவுக்கு மிளகாய் குடித்து முடிக்க வேண்டும், அப்புறம் வெறும் காய்ச்சல். எத்தனை மலை, எத்தனை பள்ளத்தாக்கு, சிவப்பு வளைவுப் பாறைகள், ஆற்றுத்தண்ணீரில் முழங்கால் நனைய நடந்த இடுக்கு, எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தத் தட்டும் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரே சண்டை. தமயந்தி கார் நிறுத்த நிழல் தேடுவாள், நான் வெயில் தேடுவேன். "பின்பக்கம் வெயில்ல இருக்கிற மாதிரி நிறுத்துடி." "அம்மா, திரும்பி வந்தா உள்ள உக்காரவே முடியாது, அடுப்பு மாதிரி இருக்கும்." "அடுப்புதானே வேணும்." கடைசியில் அவள்தான் ஜெயிப்பாள், ஓட்டுகிறவள் அவள். எங்கேயோ ஒரு குச்சி மரத்தின் நிழலை மோப்பம் பிடித்து அதன் கீழே சொருகிவிடுவாள், நான் சேலையும் விளையாட்டு ஷூவும் தலையில் தொப்பியுமாய் இறங்கி, நிழலில் கிடக்கிற என் மிளகாயைப் பார்த்துக்கொண்டே உலக அதிசயத்தைப் பார்க்கப் போவேன்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கீழ்வீட்டு கார்டு சாரும் நானும் இனிமேல் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று நினைக்கிறோம். வாய்க்குள் வைத்துப் பார்த்தால் எடையே இல்லை, உதட்டுக்கு வந்ததும் அம்மிக்கல்லாகிவிடுகிறது. காருக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும், வீட்டில் என்றால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், இங்கே இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசலாம். நாளையோடு பயணம் முடிகிறது, அதற்கடுத்த வாரம் நான் திருச்சிக்கு விமானம் ஏற வேண்டும், அதற்குள் அவரிடம் ஒரு பதில் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுநரிடம் பேசாதீர் என்று நம்மூர் பஸ்ஸில் எழுதியிருப்பார்களே, அது வேறு நினைவுக்கு வருகிறது. கார்டு சாரின் பெயர் கோதண்டம், ஆனால் எங்கள் அடுக்குமாடியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கூட்ஸ் வண்டிக்குக் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் கார்டு சார், எனக்கும் கார்டு சார்தான், மனசுக்குள்ளேகூட வேறு பெயர் வைக்கக் கூச்சமாயிருக்கிறது. மனைவி போய் நாலைந்து வருடமாகிறது. லிப்டில் எல்லோரும் ஏறின பிறகுதான் ஏறுவார், விருந்தில் எல்லோரும் சாப்பிட்டபின் கடைசிப் பந்தி, மாடிப்படியில் யார் முன்னால் போனாலும் அவர் பின்னால், கேட்டால் "பழக்கம் மேடம். கடைசிப் பெட்டியிலயே வாழ்ந்தாச்சு" என்பார். அவர் குக்கர் கீழே விசில் அடிப்பது என் சமையலறைக்குக் கேட்கும், மூன்றாவது விசில் கொஞ்சம் கம்மலாக, ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். என் குக்கரும் அதே நேரம் அடிக்கும். ஒருநாள் காய்கறி வண்டிக்காரனிடம் இருவரும் நிற்கும்போது முருங்கைக்காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "மேல ஒரு குக்கர், கீழ ஒரு குக்கர், ரெண்டும் ஒரே பருப்புக்குக் கத்துது. ஒரே குக்கரா வச்சா என்ன மேடம்?" முருங்கைக்காய்க்காரன் என்ன புரிந்துகொண்டானோ, ஒரு காயைக் கூடப் போட்டான். மகளிடம் கேட்டுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்றேன். "கேளுங்க, கேளுங்க. சிக்னல் விழாம வண்டியை எடுக்கக் கூடாது." அவர் மகனிடம் அவர் கேட்டாயிற்று, துபாயில் இருக்கிறான், செய்ங்கப்பா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். எனக்கு வாய்த்தது மகள். மகளிடம் எதுவும் ஒரு வார்த்தையில் முடியாது.

அதுவும் இந்த மகளிடம். கல்யாணம் முறிந்தபின் தனியாகவே இருக்கிறாள், அந்த மழை ஊரில் ஒரு வீடு வாங்கியிருக்கிறாள், அதில் மேற்குப் பார்த்த ஓர் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, படிக்கிற விளக்கு ஒன்றும், என் முழங்காலுக்கு ஏற்ற உயரத்தில் கட்டிலும் போட்டுவைத்திருக்கிறாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிரந்தரமாய் என்னை இங்கே இருத்திக்கொள்ள வேண்டிய விண்ணப்பத்தைப் பற்றி வக்கீலோடு போனில் பேசுவது எனக்குக் கேட்டது, கதவு சாத்தியிருந்தாலும் எனக்குக் கேட்கும், காது அப்படிப் பழகிவிட்டது. அந்த மூச்சுத்தான் காலையிலிருந்து வருகிறது. அம்மா, நீ இங்கேயே இருந்துடேன். அவள் முதலில் கேட்டுவிட்டால் நான் என்ன சொல்வேன், மஞ்சள் சுவரைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா, சரி என்றுவிடுவேன், என்னைத் தெரியாதா எனக்கு, சரி என்றுவிட்டு கீழ்வீட்டில் ஒற்றைக் குக்கர் கம்மிய குரலில் விசில் அடிப்பதை இந்த மழைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே சாவேன். ஆகவே நான் முந்திக்கொள்ள வேண்டும். முந்தாநாள் கிராண்ட் கேன்யனில் முந்திக்கொள்ளத்தான் பார்த்தேன். விளிம்பில் நின்றோம். இத்தனை பெரிய பள்ளத்துக்கு ஓர் ஓசை இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஒரு ரீங்காரம், சங்கைக் காதில் வைத்தால் கேட்பது போல ஏதாவது, ஒன்றுமே இல்லை, கல் அடுக்கின்மேல் கல் அடுக்கு, சிவப்பின்கீழ் பழுப்பு, பழுப்பின்கீழ் ஊதா, அடியில் நூல் மாதிரி ஓர் ஆறு, அந்த நூல்தான் இதையெல்லாம் அறுத்ததாம், அவசரமே இல்லாமல். எனக்குக் கண் கலங்கியது. அறுபத்தெட்டு வயதில் ஒருத்தி யாரோடு சோறு சாப்பிட்டால் என்ன, இந்தக் கல்லுக்கு அது கேட்கவா போகிறது என்று தைரியம் வந்து, "தமயந்தி" என்று வாயைத் திறந்தேன், பக்கத்தில் ஒரு ஜப்பான்காரர் "போட்டோ?" என்று காமிராவுக்குக் கை நீட்டிவிட்டார். கிட்டே, இன்னும் கிட்டே என்று சைகை காட்டினார். மகள் தோளில் கை போட்டாள். வந்த வாக்கியம் இறங்கிப் போய்விட்டது, அந்தப் படத்தில் நான் எதையோ விழுங்குகிற முகத்தோடு இருக்கிறேன். "என்னம்மா இது, மாத்திரை முழுங்கின மாதிரி நிக்கற?" என்று இரவு முழுக்கச் சிரித்தாள்.

அடுத்த விளம்பரப் பலகை வரும்போது சொல்லிவிடுவேன். இந்தச் சாலையில் பலகைக்குக் குறைவில்லை, பெரிய முயல் படம் போட்ட மஞ்சள் பலகை, கல்லாகிப்போன மரத்துண்டு விற்கிறோம் என்று ஒரு பலகை, வெட்டவெளியில் பச்சைப் பெயின்ட் அடித்த சிமென்ட் டைனோசர் ஒன்று பல்லைக் காட்டி நிற்கிறது. "அம்மா, அங்க பாரு, நம்ம பெரியத்தை." "உங்க அப்பாவோட அக்காவை அப்படிச் சொல்லாதே." "பல்லைப் பாரும்மா." அதே பல்தான், பாவம், நல்லவள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே எப்படிச் சொல்வது, இந்தப் பலகை போகட்டும். அவள் அப்பா இருந்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டார், தூசி ஆகாது, மூன்று மூன்றாகத் தும்முவார், மூன்று, நிறுத்தம், மூன்று, நான் பக்கத்து அறையிலிருந்து எண்ணிக்கொண்டே இருப்பேன், ஆறாவது தும்மலுக்கு வெந்நீர் கொண்டுபோவேன். கடைசி வருடங்களில் மூச்சு இழுக்கும்போது ஒரு சீழ்க்கை வரும். இப்போதும் ராத்திரி காற்றுக்கு ஜன்னல் இடுக்கில் அதே சுருதி வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், வெந்நீருக்கு. கால் தரையில் பட்ட பிறகுதான் நினைவு வரும். அவர் இடம் அப்படியேதான் இருக்கிறது, அதில் யாரும் உட்காரப் போவதில்லை, இதை எப்படி மகளிடம் சொல்வது, ஒரு வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கலாம் என்பதை. அவளுக்கு அப்பா என்றால் உயிர். நீ அவரை மறந்துட்டியா என்று கேட்டுவிட்டால். கேட்டுக்கொண்டே அழுதுவிட்டால். இந்த வேகத்தில், பக்கத்தில் வீடு மாதிரி லாரிகள் போகிற சாலையில். வேண்டாம், கார் நின்ற பிறகு சொல்லலாம். கார் நின்றால் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சுற்றிச் சுற்றி அதே இடம், செக்குமாடு மாதிரி, முயல் பலகை மறுபடி வருகிறது, அதே முயலா, வேறு முயலா.

ரயில். முதலில் ஓசைதான், சாலைச் சத்தத்துக்குக் கீழே ஒரு கனத்த சுருதி, அப்புறம் இடப்பக்கம் தரையோடு தரையாய் ஆரஞ்சு இன்ஜின்கள், ஒன்றன்பின் ஒன்று, அதற்குப் பின்னால் இரட்டை மாடியாய்ப் பெட்டகங்கள், சிவப்பு, நீலம், பழுப்பு, முடியவே முடியாத வண்டி, பாலைவனமே எழுந்து வீடு மாறுகிற மாதிரி. நாங்கள் அதை மெல்ல முந்திக்கொண்டே வந்தோம், அப்புறம் பெட்ரோல் போட ஒதுங்கினோம், அது எங்களைக் கடந்து போயிற்று, நான் இறங்கி வேலியோரம் நின்று பார்த்தேன். தண்டவாளத்தின் இணைப்பில்லாத இந்த ஊர்ப் பாதையில் தடக் தடக் இல்லை, ஒரே இழுப்பு. வாலுக்காகக் காத்திருந்தேன். எல்லா வண்டிக்கும் வாலில் ஒரு சின்னப் பெட்டி இருக்குமே, அதில் ஒரு மனிதர் பச்சைக் கொடியோடு நிற்பாரே, சாப்பாட்டுத் தூக்கில் இரண்டு வேளைத் தயிர்சாதமும் மேலே ஒரு மோர்மிளகாயும் இருக்குமே, வறண்ட காட்டு ஸ்டேஷன்களில் சிக்னலுக்குக் கிடக்கும்போது ஒரு மிளகாயைக் காம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய்க் கடித்து இரண்டு வேளைக்கும் வைத்துக்கொள்வாராமே. கடைசிப் பெட்டகம் வந்தது, போயிற்று, பின்னால் வெறும் தண்டவாளம், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும். "ஐயோ" என்றேன் சத்தமாக, "கார்டு வேனே இல்லையே." தமயந்தி காரில் சாய்ந்து காபிக் கோப்பையோடு நின்றாள். "என்ன இல்ல?" "கார்டு வேன். கடைசியில பிரேக் வேன் இருக்கணும். அது இல்லாம நடுவுல கொக்கி கழண்டா யாருக்குத் தெரியும்? பின்னாடி யாரு பார்க்கிறது?" "இப்பல்லாம் மிஷினே பார்த்துக்கும்மா." அப்புறம்தான் கோப்பையை இறக்கினாள். "உனக்கு எப்ப இருந்தும்மா ரயிலெல்லாம் இவ்வளவு தெரியும்?" "தெரியும், பொதுவா" என்றேன். பொதுவா. வாழ்நாளெல்லாம் மற்றவர் பொய்யைக் குரலிலேயே கண்டுபிடித்தவள், என் குரலை நானே கேட்டேன், எவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறேன்.

மறுபடி சாலை. மூச்சை இழுத்தாள், இதோ, வந்துவிட்டது, மஞ்சள் அறை வந்துவிட்டது என்று நான் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தேன். வேறு கேள்வி வந்தது. "அம்மா, ஒண்ணு கேக்கணும். நீ மோர்மிளகா சாப்பிட மாட்டே. உனக்கு நெஞ்செரிச்சல்." ஆமாம். "நானும் சாப்பிட மாட்டேன். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது." ஆமாம். "அப்பாவுக்கு அதை வறுக்கிற நெடியே ஆகாது, நம்ம வீட்ல அது இருந்ததே கிடையாது. நீ அதைப் போட்டு நான் பார்த்ததே இல்ல. ஒரு வாரமா ராத்திரி ராத்திரி ஓட்டல் ரூம்ல எழுந்து தயிர்ல போடற, காலையில எடுக்கற. வெயில் வீணாகுதுன்னு சொல்ற. நானும் சரி, வயசானா இப்படித்தான்னு விட்டுட்டேன்." லாரி ஒன்றை முந்தினாள், விளக்கைப் போட்டு, அணைத்து, கண்ணாடியைப் பார்த்து, எல்லாம் நிதானமாக. "யாருக்கும்மா இது?" பிடரியில் வெயில். பின்னால் தட்டில் மிளகாய் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கிறது, முக்கால்வாசி காய்ந்துவிட்டால் அந்தச் சத்தம் வரும், சின்னக் குழந்தைக் கொலுசு மாதிரி. இத்தனை நாளாய் வராத வாக்கியம், கேட்டவுடன் எவ்வளவு சுலபமாய் வந்தது, நான் எழுதி வைத்திருந்ததைப் போல அழகாக இல்லை. "கீழ்வீட்டு கார்டு சாருக்கு. அவருக்குப் பிடிக்கும். அவர் ஒண்ணும் கேக்கலை, நானாத்தான். அவரும் நானும், இனிமே ஒரே குக்கர் வைக்கலாம்னு." குக்கர் என்றா சொன்னேன். ஆங்கில இலக்கியம் படித்தவள், இருக்கிற சொல்லையெல்லாம் விட்டுவிட்டுக் குக்கர்.

"குக்கரா?" என்றாள். அப்புறம் மௌனம். மௌனங்களில் வகை உண்டு, லைன் அறுந்த மௌனம் ஒன்று, அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மௌனம் ஒன்று, இரண்டாவதில் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும், நான் அந்த இரைச்சலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏசிக் காற்று, டயர், மிளகாய்க் கொலுசு. எங்களுக்குள் இப்படி ஒரு மௌனம் முதல் தடவை அல்ல. பல வருடம் முன்னால் ஒரு விடிகாலை போன் அடித்தது, "அம்மா, நான் அவரை விட்டுட்டு வந்துட்டேன்" என்றாள், அப்போது மௌனம் என் பக்கம். ஆயிரம் கேள்வி தொண்டையில் நின்றது, ஏன், யார் தப்பு, ஊருக்கு என்ன சொல்ல, எல்லாம் நின்றது, கடைசியில் வெளியே வந்தது, "அங்க இப்ப சாயங்காலமா? சாப்பிட்டியா?" அவ்வளவுதான். இல்லை என்றாள். போய் ஒரு தோசையாவது ஊத்திக்கோ, போனை வைக்காதே, நான் இருக்கேன் என்றேன், மாவு கல்லில் விழுகிற சத்தம் அத்தனை கடல் தாண்டிக் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தேன். அதை அவள் ஞாபகம் வைத்திருப்பாளா, அதற்காக இப்போது என்னை மன்னிக்க வேண்டும் என்று இல்லை, மன்னிக்க என்ன இருக்கிறது, ஆனால் அந்தத் தோசைச் சத்தம் மாதிரி ஒன்று, ஏதாவது ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து.

"எவ்வளவு நாளா?" "ஒரு வருஷம் இருக்கும்." "அதான் போன் பண்ணினா சாயங்காலம் எடுக்க மாட்டேங்கிற. வாக்கிங்னு சொல்லுவ." "வாக்கிங்தாண்டி. வாக்கிங் மட்டும்தான்." "அம்மா, நான் கேக்கவே இல்லையே." காது சுட்டது எனக்கு, இந்த வயதில். அவள் குரலில் ஒரு நூலளவு சிரிப்பு ஓடிற்று, உடனே அறுந்தது. "நான் உனக்கு ஒரு ரூம் ரெடி பண்ணியிருக்கேன். உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "மஞ்சள் நானே அடிச்சேன். ரெண்டு கோட்." அதுவும் தெரியும், ஜன்னல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வண்ணம் கண்ணாடியில் பட்டிருந்தது, காசு கொடுத்து வந்தவன் அப்படிச் செய்ய மாட்டான், முதல் நாளே அதைத் தடவிப் பார்த்தேன். "நீ என்னோட இருப்பேன்னு நினைச்சேன்" என்றாள், அதில் குற்றச்சாட்டு இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "வருஷா வருஷம் வரேன். மழை பெய்யட்டும், வரேன்." "தனியாவா?" "நீ சொல்றபடி." அவள் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கி, தாடையில் நின்று, விழாமல் வெயிலில் காய்ந்தது, கையால் துடைக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன, நல்ல ஓட்டுநர். "அப்பா போட்டோ?" என்றாள். "இருக்கிற இடத்துலதான் இருக்கும். கார்டு சார்தான் அதுக்கு ஆணி அடிச்சுக் குடுத்தாரு, நான் மாட்டினது கோணலா இருந்துதுன்னு." இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைப்பதற்குள் அவள் பொங்கிச் சிரித்துவிட்டாள், அழுகையும் சேர்ந்து ஒரு விக்கலாய், "அம்மா, அந்தப் போட்டோவுல அப்பா முறைச்சுக்கிட்டு இருப்பாரும்மா, அந்த ஆளு பயப்படலையா?" "முதல்ல ஒரு கும்பிடு போட்டாரு. அப்புறம்தான் சுத்தியல் எடுத்தாரு." அப்பா முறைக்கிற படம்தான் அது, தும்மலுக்கு முந்தின கணத்தில் எடுத்தது, எங்களிடம் வேறு நல்ல படம் இல்லை. சிரித்தோம். எவ்வளவு தூரம் சிரித்தோம் என்று தெரியாது, இன்னொரு டைனோசர் வந்து போயிற்று. "டிசம்பர்ல வரேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மாப்பிள்ளை பார்க்க. பஜ்ஜி, கேசரியெல்லாம் அவர் செஞ்சு வைக்கணும். பாடத் தெரியுமான்னு கேப்பேன்." "விசில் அடிப்பாரு." "அது போதாது, பார்ப்போம்." பார்ப்போம். சரி என்று சொல்லவில்லை. சிக்னல் மஞ்சளில் நிற்கிறது.

வண்ணப் பாலைவனம் என்கிற தேசியப் பூங்காவின் வாயிலில் தொப்பி வைத்த பெண் அதிகாரி குனிந்து, கல்லாகிப்போன மரத்துண்டு ஏதாவது வண்டியில் இருக்கிறதா என்று கேட்டாள், இங்கே ஒரு சில்லைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாதாம். உள்ளேயிருந்து வந்த வாசனையில் அவள் மூக்கு நெளிந்தது, பின்கண்ணாடிப் பக்கம் பார்வை போயிற்று. "கல் இல்லை. மிளகாய்" என்றாள் தமயந்தி ஆங்கிலத்தில், "என் அம்மா ஒருத்தருக்காகக் காய வைக்கிறாங்க." அதிகாரி என்னைப் பார்த்தாள், என் தொப்பியை, சேலையை, ஷூவை. "அதிர்ஷ்டசாலிதான் அவர்" என்று கையசைத்து உள்ளே விட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, காது மடல் மட்டும் சிவந்திருந்தது, என்னுடையதைப் போல. விளிம்புச் சாலையில் கொஞ்ச தூரம் போனோம். கீழே மண் மேடுகள், இளஞ்சிவப்பும் சாம்பலும் வெளிர்நீலமும், துவைத்த சேலைகளைப் பிழியாமல் அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி மடிப்பு மடிப்பாய் அடிவானம் வரை. வண்டி நிறுத்துமிடம் வந்தது. அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே ஒரு மரம், முறுக்கிக்கொண்ட குட்டை மரம், அதன் நிழல் சரியாக ஒரு கார் அளவுக்கு விழுந்திருந்தது, காலியாயிருந்தது, எங்களுக்கென்றே வைத்த மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை. இன்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாயிற்று, இதற்குமேல் கேட்க எனக்கு என்ன பாத்தியதை. அவள் வேகத்தைக் குறைத்தாள், நிழலுக்கு எதிரே வந்தாள். நிற்கும் என்று கால் தானாக அழுத்திற்று. நிற்கவில்லை. நிழலைத் தாண்டி, முழுப் பரப்பையும் ஒரு சுற்றுச் சுற்றி, சூரியன் இருக்கிற இடத்தைக் கண்ணாடியில் தேடி, நிறுத்தி, போதாமல் மறுபடி எடுத்து, கொஞ்சம் கோணலாக முன்பக்கத்தைக் கிழக்கே திருப்பி, பின்கண்ணாடி முழுக்க வெயிலை வாங்குகிற மாதிரி நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். இறங்கிப் பின்கதவைத் திறந்து, தட்டில் இருந்த மிளகாய்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப்போட ஆரம்பித்தாள், யாரும் சொல்லித் தராமல், வெளுத்த பக்கம் கீழே, பச்சை மிச்சமிருக்கிற பக்கம் மேலே. "அந்தக் கையால கண்ணைத் தொடாதே" என்றேன். "தெரியும்மா." ஒன்றைக் காம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், விதை குலுங்கிற்று. "இன்னும் எத்தனை வெயில் வேணும் இதுக்கு?" "ஒண்ணு போதும்." "அப்ப நாளைக்கும் மேற்கு வெயில் பின்னாடி விழற மாதிரியே ஒரு ரோடு பார்க்கறேன்" என்று போனை எடுத்தாள். வழி சொல்கிற பெண் மூச்சு விடாமல் பேசத் தொடங்கினாள். என் மகள் அவளை நிறுத்திவிட்டு, சூரியனை நோக்கிக் கையைக் குவித்து, தானே பார்த்தாள்.